முக்கால் மீட்டர் குறைந்த கோடு

பி.டி. சார் நினைவு மலருக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பழைய டீம் கேப்டன் வீரணன் மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். எனக்கு எழுத வராது. எண்கள் தெரியும், பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதோடு சரி. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சை ஒழுங்குபடுத்தித்தான் எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். சார் ‘யோவ்’ என்று கூப்பிட்டால் அது ‘யோவ்’தான். அதை மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

கல்லூரியில் நான் மார்க்கர். மைதானத்தில் கோடு போடுகிறவன், பந்துக்குக் காற்றடிக்கிறவன், நெட் கட்டுகிறவன், அடிபட்டவன் காலில் ஐஸ் வைக்கிறவன், எல்லாம் சேர்ந்ததற்கு ஒரே பெயர் மார்க்கர். பையன்கள் ‘மார்க்கரண்ணே, மார்க்கரண்ணே’ என்று கூப்பிட்டதில் ராமையா என்ற என் சொந்தப் பெயர் ஆபீஸ் நோட்டில் மட்டும்தான் இருந்தது. சமயநல்லூரிலிருந்து சைக்கிளில் வருவேன். வழியில் பாத்திமா கல்லூரி வரை எதிர்காற்று, அப்புறம் பழகிவிடும்.

நான் அந்த வேலைக்கு வந்ததே ஒரு தற்செயல். மைதானத்தில் கேலரி கட்டினார்கள். அதற்குக் கொத்தனாரிடம் கையாளாக வந்தேன். ஒருநாள் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தபோது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்ட ஒல்லியான மனிதர் வந்து பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். “யோவ், கட்டியே இல்லாம நீத்துறியே, யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார். “கைதான் சார்” என்றேன். கேலரி முடிந்ததும் கொத்தனார் போய்விட்டார், நான் அங்கேயே இருந்துவிட்டேன். முதல் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டதையெல்லாம் சொன்னால் மலர் பத்தாது. கோணலாகக் கோடு போட்டேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

திட்டு என்று சொன்னது தப்பு. சார் திட்டமாட்டார். கழுத்தில் விசில் தொங்கும், பயிற்சியில் அதை ஊதி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கை தட்டுவார், மைதானமே நின்றுவிடும். கோபம் வந்தால் குரல் குறையும். ரொம்பக் கோபம் வந்தால் மரியாதை கூடும். ‘வாடா’ என்று கூப்பிடுகிற பையனை ‘வாங்க, உக்காருங்க’ என்றார் என்றால் அந்தப் பையன் அன்றைக்குத் தொலைந்தான். “சார் இன்னைக்கு யாரையாச்சும் ‘நீங்க’ன்னாராண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் பயல்கள் மைதானத்துக்குள் காலெடுத்து வைப்பார்கள். என்னை அவர் கடைசி வரை ‘யோவ்’ என்றுதான் கூப்பிட்டார்.

கோடு போடுகிற முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இனிமேல் சொல்வது விளங்காது. மைதானத்தின் நாலு மூலைக்கும் தரைக்கடியில் கல் புதைத்திருந்தது. அதனால் வெளிக்கோடு எப்போதும் தப்பாது. உள்ளே கோல் போஸ்டுக்கு முன்னால் வருகிற பாக்ஸைத்தான் ஒவ்வொரு தடவையும் அளந்து போடவேண்டும். அதற்கு நான் ஒரு நூல் கயிறு வைத்திருந்தேன். ஐந்தரை மீட்டரில் பச்சைத் துணி, பதினொன்றில் சிவப்பு, பதினாறரையில் வெள்ளை, முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பேன். பச்சை, சின்ன பாக்ஸ். சிவப்பு, பெனால்டி அடிக்கிற புள்ளி. வெள்ளை, பெரிய பாக்ஸ். பந்தைக் காலால் உதைக்கத் தெரியாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம்: தற்காக்கிற டீம் அந்தப் பெரிய பாக்ஸுக்குள்ளே தப்பு செய்தால் பெனால்டி. கோலியை மட்டும் வைத்து நேருக்கு நேர் அடிக்கலாம். ஒரு சாண் வெளியே என்றால் வெறும் ஃப்ரீகிக்தான். ஆளை நிறுத்தி மறைத்துவிடுவார்கள்.

காற்று முதுகுக்கு வருகிற மாதிரி நின்று, சலித்த சுண்ணாம்புப் பொடியை ஓட்டை போட்ட டின்னில் இட்டு, தட்டிக்கொண்டே நடக்கவேண்டும். டின்னைத் தட்டுகிற கையும் காலும் ஒரே தாளத்தில் போனால்தான் கோடு ஒரே தடிமனாக விழும். மைதானத்துக்குக் குறுக்கே வேலைக்குப் போகிற அம்மாக்கள், “என்ன மார்க்கரு, வாசத் தெளிக்காமயே கோலம் போடுற?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கோடு முடிந்ததும் சார் வருவார். கையில் தோல் உறை போட்ட எஃகு டேப். என் கயிற்றின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். “பிடிய்யா” என்று சைபர் முனையை என்னிடம் கொடுப்பார். நான் கோல் கோட்டில் குந்தி, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பேன். அவர் உறையை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து போய், குனிந்து, எண்ணைச் சத்தமாகப் படிப்பார். “பதினாறரை. சரி, அடுத்தது” என்பார். நான் எழுந்து அடுத்த இடத்துக்குப் போவேன். இரண்டு பக்கமும் அளந்து முடிக்க அரை மணி. அப்புறம்தான் மைதானம் சரியாக இருக்கிறது என்ற தாளில் கையெழுத்துப் போடுவார். சின்ன மேட்ச், பெரிய மேட்ச் என்று இல்லை. முதல் வருஷப் பையன்கள் தங்களுக்குள் ஆடினாலும் அளப்பார்.

அந்தக் காலை நேரம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. டேப் மண்ணில் இழுபடுகிற சத்தம், கேலரி மேல் உட்காருகிற மைனா, தூரத்திலிருந்து அவர் குரல். வீட்டில் விடியும் முன்னே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்து என்ன செய்ய?

சரி, அந்த வருஷத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் எங்கள் கல்லூரி கால்பந்தில் பைனலுக்குப் போனதே இல்லை. மண்டல அளவில் இரண்டாவது மேட்சில் தோற்று, புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் பழக்கம். அந்த வருஷம் ஒரு டீம் அமைந்தது. கேப்டன் வீரணன், அலங்காநல்லூர்ப் பையன், கோல்கீப்பர். பயிற்சியில் ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், “மாட்டைப் பிடிச்சுருவ, பந்தைப் பிடிக்கமாட்டியா மாப்ள? பந்துக்கும் கொம்பு வச்சுத் தரவா?” என்று கத்துவார்கள். கத்துகிறவன் பெரும்பாலும் பாண்டியாகத்தான் இருப்பான்.

பாண்டி திருவாதவூர்ப் பையன், விவசாயக் குடும்பம். இடது ஓரத்தில் ஆடுவான். குள்ளம், கால் வளைவு, நின்றால் ஆட்டக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்து காலுக்கு வந்துவிட்டால் எதிரே நிற்கிறவன் தன் காலே தடுக்கி விழுவான். வாயும் அதே வேகம். ரெஃப்ரியோடு சண்டை, லைன்மேனோடு சண்டை, வெயிலோடும் சண்டை. அவனுக்கு ஒரே ஒரு குறி இருந்தது. பல்கலைக்கழக டீமில் இடம் கிடைத்துவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்விடலாம். அவன் அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, இரண்டு தங்கச்சி. “மார்க்கரண்ணே, இந்த ஒரு வருசந்தான். அடுத்த வருசம் நான் யூனிபார்ம் போட்டு வந்து நிக்கிறப்ப சல்யூட் அடிக்கணும், இப்பவே பழகிக்கங்க” என்பான்.

ஆடியில் ஆரம்பித்த சீசன். திண்டுக்கல்லில் மழைச் சேற்றில் ஒன்று ஜெயித்தார்கள். விருதுநகரில் எங்கள் பையன் ஒருவனுக்கு பூட்ஸின் அடி கழன்று, நான் சணல் வைத்துக் கட்டிக்கொடுத்து, அதோடு அவன் கோல் போட்டான். அரையிறுதியில் கடைசி நிமிஷத்தில் வீரணன் ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவே இல்லை. நான் ஐஸ் டப்பாவோடு ஓடினால் கண்ணைச் சிமிட்டுகிறான். “நேரம் போகட்டும்ணே, மெதுவா வாங்க.” பைனல் எங்கள் மைதானத்தில் என்று முடிவானது. அதற்கு நாலு நாள் கழித்துப் பல்கலைக்கழக டீம் தேர்வு.

பைனலுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் என் கயிற்றைப் பார்த்தேன். சீசன் முழுக்க இழுபட்ட கயிறு. சுண்ணாம்பும் சேறும் ஏறி முரடாக, முடிச்சுத் துணிகள் நிறம் தெரியாமல் கிடந்தது. பெரிய ஆட்களெல்லாம் வருவார்கள், இந்தக் கயிற்றையா மைதானத்தில் போடுவது என்று தோன்றியது. தீபாவளிக்கு வீட்டுச் சாமானெல்லாம் அலசி வைக்கிற மாதிரி, வாளியில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, தேய்த்து அலசினேன். பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் வந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஸ்டோர் ரூம் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் போனேன். ஐப்பசி மாசம். விடியும்போது தொட்டுப் பார்த்தேன், ஈரம்தான். பரவாயில்லை, கயிறுதானே என்று எடுத்துப்போய்க் கோடு போட்டேன்.

நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். கிணற்றில் இறைத்து வளர்ந்தவன் எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

கோடு முடித்து நின்றேன். சார் கையில் டேப்போடு வந்தார். பாக்ஸ் மூலையில் நின்று பார்த்தார். அதற்குள் பிரின்ஸ்பால் ஆபீஸிலிருந்து ஆள் ஓடி வந்தது, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று. சார் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ போட்டா சரியாத்தான்யா இருக்கும். வருசம் பூரா அளந்து என்னத்தைக் கண்டேன்?” என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பதினாலு வருஷம் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு மதியம் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. அவ்வளவு நிறைவு.

மேட்ச்சை விவரமாகச் சொல்லப்போவதில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று அவர்கள் முன்னால் இருந்தார்கள். முடிய பத்து நிமிஷம் இருக்கும். வடக்குப் பக்கத்து பாக்ஸ். இடது ஓரத்திலிருந்து பாண்டி பந்தை உள்ளே வெட்டி இரண்டு பேரைக் கடந்தான். மூன்றாவது ஆள் காலை நீட்டினான். பாண்டி பறந்துபோய் விழுந்தான். கேலரி முழுக்க எழுந்து “பெனால்டி!” என்று கத்தியது. ரெஃப்ரி ஓடி வந்து கோட்டைப் பார்த்தார், கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார். ஃப்ரீகிக்.

பாண்டி எழுந்து, “சார், உள்ள சார்! பாக்ஸுக்குள்ள சார்!” என்றான்.

“தம்பி, கோடு கண்ணுக்குத் தெரியுதுல்ல? அங்க இருக்கு கோடு, இங்க கிடக்க நீ.”

“அப்ப கோடே தப்பு சார்!”

எதிர் டீம் சிரித்தது. கேலரி சிரித்தது. சுண்ணாம்பு டின்னை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்ற நானும் சிரித்தேன். அவன் விடவில்லை. “கோடு தப்பு, கோடு தப்பு” என்று ரெஃப்ரியின் பின்னாலேயே போனான். மஞ்சள் அட்டை வந்தது, அப்போதும் அதையே சொன்னான். சிவப்பு அட்டை வந்தது. வெளியே போகாமல் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வீரணன் தெற்குக் கோலிலிருந்து ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனான். ஃப்ரீகிக் ஆள் மேல் பட்டுத் திரும்பியது. தோற்றோம். ரெஃப்ரி எழுதிக்கொடுத்த அறிக்கையில் அந்த வருஷம் முழுக்க பாண்டி ஆட முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் புதன்கிழமை தேர்வுக்கும் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டை அவிழ்க்கப் போனேன். கயிறு நன்றாகக் காய்ந்திருந்தது. ஹாக்கிக்குக் கோடு மாற்றவேண்டும் என்று வடக்கு பாக்ஸில் கயிற்றை விரித்து இழுத்தேன். வெள்ளை முடிச்சு கோட்டில் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் தாண்டியது. தாண்டிய இடத்துக்கும் கோட்டுக்கும் நடுவில்தான் பாண்டி விழுந்து தேய்த்த பூட்ஸ் தடம் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது நான் தினக்கூலி. நிரந்தரம் பண்ணச் சொல்லி சார் எழுதிய காகிதம் அந்த மாசம்தான் மேலே போயிருந்தது. நெட்டை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் தெளித்துக் கோட்டை அழித்துவிட்டால் முடிந்தது. ஹாக்கிக்கு எப்படியும் அழிக்கத்தானே வேண்டும். யாரும் கேட்கப்போவதில்லை. வாளியில் தண்ணீர்கூடப் பிடித்துவிட்டேன்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். சாருக்கு டீ வந்த நேரம். நின்றுகொண்டே சொன்னேன். கயிறு, சோப்பு, ஈரம், எல்லாம். ‘உக்காருங்க ராமையா’ என்று சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார். “யோவ், டேப் எங்க இருக்கு?” என்றார்.

இரண்டு பேரும் மைதானத்துக்கு வந்தோம். நான் சைபர் முனையைப் பிடித்தேன். முனை இரண்டு தடவை நழுவியது. அவர் அவசரப்படவில்லை. ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தார். “பதினஞ்சே முக்கால்” என்றார். தெற்கு பாக்ஸிலும் அதே. முக்கால் மீட்டர் குறைவு. திரும்ப வடக்குப் பக்கம் வந்து அந்தப் பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில் நின்றார். தடத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இரண்டு எட்டு நடந்துபோய் மண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பாண்டி உள்ளதான் சார் விழுந்திருக்கான்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“அவன் எங்க விழுந்தாங்கிறது இப்பப் பேச்சு இல்லய்யா. கோடு எங்க இருக்குங்கிறதுதான் பேச்சு.”

“நான் போட்டது சார். நானே வந்து சொல்றேன்.”

“கையெழுத்து யாருது?”

“உங்களுது சார்.”

“அப்பப் பேசாம இரு. அளக்க வேண்டியவன் நான். அளக்கல. அம்புட்டுதான்.”

திங்கட்கிழமை, போட்டி நடத்துகிற கமிட்டியில் அவர் கடிதம் கொடுத்தார். பெரிய கடிதம் இல்லையாம். அளவை எழுதி, மைதானத்தைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான், கோடு தப்பு என்று சொன்னதற்காக வெளியே அனுப்பப்பட்ட ஆட்டக்காரன் சொன்னது உண்மை, தண்டனையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும். பெனால்டி கொடுத்திருக்கவேண்டும் என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லை என்று பிற்பாடு கிளார்க் சொன்னார். முடிவு முடிவுதான் என்றார்கள். தண்டனையை ரத்து செய்தார்கள். ஆனால் காகிதம் நடந்து வர இரண்டு வாரம் ஆனது, புதன்கிழமை போய்விட்டது. பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவில் இருந்த சார் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பல வருஷம் எங்கள் மைதானத்துக்கு பைனல் வரவில்லை. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தையில் நான் நிரந்தரமானேன். சந்தோஷப்பட முடியவில்லை.

சார் பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார் என்று தெரியும். அவன் வெளியே வந்து ஸ்டோர் ரூம் வாசலில் நின்றான். நான் பந்துக்குக் காற்றடித்தேன். “வாரேண்ணே” என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் மைதானத்துக்கு வரவேயில்லை. வகுப்புக்கு வருவான், பரீட்சை எழுதினான், மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவான். அவன் ஓடுகிற இடது ஓரத்தில் புல் முளைத்தது. அவன் இருந்தவரை அங்கே முளைத்ததில்லை.

சார் அதற்கப்புறம் ஒருநாள்கூட அளக்காமல் விட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கும் “பிடிய்யா” என்றார். அளந்து முடித்து டேப்பை உறையோடு என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு அவர் அளந்ததில் வருத்தம் இல்லை. அவர் அளக்காத அந்த ஒரு நாளைத்தான் நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு காலை இன்னொரு தடவை கிடைக்காதா, நான் காய்ந்த கயிறோடு நிற்கமாட்டேனா என்று.

போன பங்குனியில் சார் காலமானார். அவர் நினைவாகப் பழைய டீம் ஒரு மேட்ச் ஆடுகிறது, வந்து கோடு போட்டுத் தரவேண்டும் என்று வீரணன் கேட்டான். அவன் இப்போது போலீஸில் இருக்கிறான், தொப்பை வேறு. ஓய்வு பெற்ற பிறகு நான் மைதானத்துக்குப் போனது அன்றைக்குத்தான். காய்ந்த கயிறு கொண்டுபோனேன், இரண்டு தடவை தொட்டுப் பார்த்து. வடக்குப் பக்கமே முதலில் போட்டேன். உறையோடு டேப்பை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். சைபர் முனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கல்லை வைத்துப் பார்த்தேன். இழுத்தால் நகர்ந்தது.

அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. தலையில் பாதி முடி போயிருந்தது, கால் வளைவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

“என்ன மார்க்கரண்ணே, சல்யூட்டு பழகிட்டீங்களா?” என்றான் பாண்டி.

திருவாதவூரில் நெல் அறுக்கிற மெஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறானாம். தங்கச்சிகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டான். அப்பா இல்லை. அதெல்லாம் பேசிக்கொண்டே முனையை எடுத்துக் கோல் கோட்டில் குந்தினான். எனக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“பாண்டி, அன்னைக்குக் கோடு தப்பாப் போனது சாரால இல்லடா. கயித்த அலசி ஈரத்தோட போட்டது நானு. உன் வேலை, உன் வாழ்க்கை...”

அவன் எழுந்து வந்தான். கோட்டுக்கு வெளியே, அந்தப் பழைய இடத்துக்கும் வெளியே இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றான். காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான்.

“அவன் என் கால்ல தட்டுனது இங்கண்ணே.”

“என்னது?”

“தட்டுனது இங்க. பறந்துபோயி விழுந்ததுதான் அங்க. தட்டுன இடத்தைத்தானே ரெஃப்ரி பாக்கணும்? உங்க கோடு சரியா இருந்திருந்தாலும் ஃப்ரீகிக்தான்ணே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் சொல்லாதடா. உள்ளதான். தடத்த நான் பாத்தேன்.”

“நீங்க விழுந்த தடத்தப் பாத்தீங்க.”

“அப்ப எதுக்குடா கோடு தப்பு, கோடு தப்புன்னு அம்புட்டு சண்டை போட்ட?”

“பைனல்ணே! எவனாச்சும் வெளியதான்னு ஒத்துக்குவானா? வாயில வந்துச்சு, சொன்னேன். அது நெசமாவே தப்பா இருக்கும்னு நான் கண்டனா?” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. “சாரு கூப்பிட்டு லெட்டரக் காட்டுனாருண்ணே. நான் சொன்ன பொய்க்கு அவரு தலையக் குடுத்துட்டு வந்திருக்காரு. உண்மையச் சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு சொன்னாரு, ‘உக்காருங்க பாண்டி’ன்னு.”

பாண்டி தான் கிழித்த கோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அவருக்குத் தெரியும்ணே. தெரிஞ்சேதான் எழுதிருக்காரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த கிரவுண்டுக்கு வர்றது?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் பூட்ஸ் தடத்துக்குப் பின்னால் இரண்டு எட்டு நடந்துபோய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போது பாண்டி நின்ற அதே இடம்தான். அவன் எங்கே விழுந்தான் என்பது பேச்சில்லை, கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் பேச்சு. எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டே காலத்தைப் போக்கிவிட்டோம். அவர் இருக்கும்போதே இவன் ஒரு தடவை வந்திருக்கலாம். நானாவது போய்க் கூட்டி வந்திருக்கலாம். திருவாதவூர் என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது?

“என்னண்ணே, அளப்பமா வேணாமா? பயலுக வந்துருவாய்ங்க” என்று பாண்டி போய்க் கோல் கோட்டில் குந்தி, முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான்.

நான் உறையை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். படிக்கிற முனையில் நான் நிற்பது அதுதான் முதல் தடவை. குனிந்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தேன்.

“பதினாறரை” என்றேன்.

படித்துவிட்டு, பழக்கத்தில், அப்படியே காத்துக்கொண்டு நின்றேன். பாண்டியும் முனையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மைனா ஒன்று கேலரியிலிருந்து இறங்கி கோட்டோரம் நடந்தது. சொல்ல வேண்டியது நான்தான் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

“சரி, அடுத்தது.”